குளிரறை வாசலில் ஒரு ஜோடி செருப்பு

முதலில் இந்த நாற்காலியைச் சரிபண்ணிக்கொள்கிறேன். ஒரு கால் குட்டை. உட்கார்ந்தால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடுகிறது. பேசுகிற பேச்சில் மனம் நிற்காது. என் சட்டைப்பையில் தட்டையாக ஒன்று கிடக்கிறது, அதைக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தால் போதும். ஆயிற்று. பாருங்கள், இப்போது அசையவில்லை. ஆடுகிற பொருளைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. "உக்காந்த எடத்துல ரெண்டு நிமிஷம் நிம்மதியா உக்காரத் தெரியாதா உங்களுக்கு?" என்று வீட்டில் அவள் சலித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

அடுத்து, உங்களை மேடம் என்று கூப்பிட எனக்கு நாக்கு புரளவில்லை. பேக்கிங்கில் எங்களோடு பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர் நீங்கள். எதற்கெடுத்தாலும் சிரிப்பீர்கள் என்று சிரிப்பக்கா என்று பெயர் வைத்தோம். திடீரென்று உங்களை மேனேஜர் மேசைக்குப் பின்னால் உட்காரவைத்து, இவர் தொழிலாளர் துறை அதிகாரி, வேலைக்காரி மாதிரி வந்து வேவு பார்த்தவர் என்றால் நான் என்ன செய்வேன்? நீங்கள் அடையாள அட்டையை எடுத்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. அக்கா என்றே சொல்லட்டுமா? சரி, வேண்டாம் என்றால் வேண்டாம்.

நான் இன்று வந்தது சாவி மாமாவுக்காக. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்காக. அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை, சாவிக்கொத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று நேற்று சொன்னீர்கள். குளிரறையைப் பூட்டியவர் அவர்தான். உள்ளே ஆள் இருந்தது தெரியாமல் பூட்டினார். தன்னால் ஒரு உயிர் போயிற்று என்று மருகிக்கொண்டிருக்கிறார். நம் ஆட்களில் ஒருவர் கண் கலங்கினால் எனக்குத் தாங்காது, அது உங்களுக்கே தெரியும். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. வாசலில் இருந்த செருப்பை நகர்த்தியது நான்.

அவசரப்படாதீர்கள். ஆற அமரச் சொல்கிறேன்.

ஐஸ்கிரீம் கிடங்கில் வேலை என்றால் வெளியே இருப்பவர்களுக்கு ஒரே கேலி. "குடுத்து வச்சவன்யா" என்பார்கள். வெளியில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது நாங்கள் கனத்த கோட்டும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு, மீசையில் பனி கட்ட நிற்பது அவர்களுக்கு எங்கே தெரியும்? நான் அங்கே சூப்பர்வைசர். ஆனால் ஒருவன்கூட என்னை சார் என்று கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் நான் அண்ணன். என்னைவிட மூத்த சாவி மாமாவே சில சமயம் வாய் தவறி அண்ணே என்பார், பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் காலையில் எழுந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். சும்மா சொல்லவில்லை.

பிற்பகலில் ஒரு பெட்டி கைதவறிக் கீழே விழும். நசுங்கிய பெட்டியை விற்க முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. சரக்கு வண்டி ஓட்டுகிற பாட்டுக்காரன் ஏதாவது பழைய பாட்டை இழுத்துப் பாட, எல்லோரும் சுற்றி நின்று ஆளுக்கு ஒரு கரண்டி. பெட்டி தானாக விழாது. யார் கை தவற வேண்டும் என்று நான் கண்ணைக் காட்டுவேன். நீங்கள் வந்த முதல் நாள் உங்கள் கையைத்தான் தவறச் சொன்னேன். என்ன சிரிப்புச் சிரித்தீர்கள் அன்று.

இந்த நேரத்தில்தான் பாட்டுக்காரன் ஒரு நாள் மேனேஜர் அறைக் கதவோரம் எதையோ கேட்டுவிட்டு, முகம் வெளிறி ஓடி வந்தான்.

"அண்ணே, உள்ள ஒரு ஆளைப் போட்டிருக்காங்களாம். நம்மகூடவே வேலை பாக்கறானாம். எல்லாத்தையும் மேல சொல்லிடறானாம்."

"யாருடா?"

"தெரிஞ்சா நான் ஏண்ணே இப்படி நடுங்கறேன்?"

அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சுக்குக் காது மூக்கு முளைத்துவிட்டது. மறுநாளிலிருந்து பார்க்க வேண்டுமே எங்கள் கிடங்கை. ஆடி அசைந்து வருகிறவர்கள் கதவு திறப்பதற்கு முன்பே வந்து வரிசையில் நின்றார்கள். மேனேஜரைக் கரித்துக்கொட்டுகிறவர்கள், சுவருக்குக் கேட்கிற மாதிரி, "தங்கமான மனுஷன்" என்று சத்தமாகச் சொன்னார்கள். பேக்கிங்கில் ஒருத்தி தும்முவதற்குக்கூட ஓரமாகப் போனாள். ஒரு பெட்டியும் விழவில்லை. பாட்டுக்காரன் பாட்டை நிறுத்திவிட்டான். டீ நேரத்தில் எல்லோரும் அவரவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு குடித்தார்கள். முதலில் எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் நாள் போகப் போக ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். என்னையும் பார்த்தார்கள். நான் போனால் பேச்சு நின்றது. அது எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. யார் அந்த ஆள் என்று கண்டுபிடித்துக் கொடுத்தால் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். அது தப்பா?

சந்தேகம் யார் மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குப் பின்னால் சேர்ந்த புது ஆள். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, ஏதோ பட்டறையில் வேலை பார்த்து, பட்டறை மூடியதால் எங்களிடம் வந்தவர். பேசினால் பாதிப் பேச்சு 'ஏன்'தான். பெட்டியை ஏன் இப்படி அடுக்குகிறீர்கள், இந்த விசிறி ஏன் முனகுகிறது, இந்தக் கதவு ஏன் இப்படி இருக்கிறது. பாட்டுக்காரன் அவருக்கு 'ஏன்' என்றே பெயர் வைத்துவிட்டான். வேவு பார்க்க வந்தவன் கேட்காமல் வேறு யார் இவ்வளவு கேட்பான்? நீங்கள் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. சிரித்தீர்கள், நாங்களே எல்லாவற்றையும் சொன்னோம்.

பாவம், அவரை எல்லோரும் படுத்தினார்கள். அவர் வந்தால் இருமல் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போகும், பேச்சு நிற்கும். கையுறையை ஒளித்துவைப்பார்கள். டீக் கோப்பையைக் கவிழ்த்து வைப்பார்கள். அவருக்குக் காரணம் புரியவில்லை. நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்து மேசையில் பிரித்து வைத்தார். யாரும் தொடவில்லை. சாயங்காலம் அதை அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு போனார். நீங்களும் தொடவில்லை என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவரை உங்களை யாரும் பார்க்கவில்லை, உங்கள் வேலைக்கு அது சௌகரியம். நான் மட்டும்தான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசினேன். என்னை அவர் நம்பினார்.

இப்போது கதவுக்கு வருகிறேன்.

குளிரறை வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு பூட்ஸ் மாட்டிக்கொண்டு உள்ளே போவோம். வெளியே வந்தால் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் செருப்பு. வாசலில் செருப்பு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, இல்லையென்றால் பூட்டலாம். அவ்வளவுதான் எங்கள் சட்டம். மேனேஜர் ஒரு பலகை மாட்டி, உள்ளே போகிறவர்கள் தங்கள் பெயர் வில்லையைத் தொங்கவிட வேண்டும் என்றார். அந்தப் பலகையில் இப்போது யாருடைய குடையோ தொங்குகிறது. சாவி மாமா கதவை மூடுவதற்கு முன் குனிந்து தரையைப் பார்ப்பார். குரல் கொடுக்க மாட்டார், எட்டிப் பார்க்க மாட்டார். செருப்பு பொய் சொல்லாது என்பார்.

கதவுக்கு உள்பக்கம் ஒரு கைப்பிடி இருக்க வேண்டும். யாராவது தெரியாமல் மாட்டிக்கொண்டால் தள்ளித் திறக்க. அது உடைந்துபோய் வெகுகாலம் ஆகிறது. கம்பி போன இடத்தில் ஓட்டை. குளிர் வெளியே போகக் கூடாது என்று நான்தான் அதில் துணியை அடைத்தேன். அதுவும் ஒரு ரிப்பேர்தானே. மேனேஜரிடம் ஒரு தடவை சொன்னேன், பார்க்கலாம் என்றார், நானும் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். யாரோ உங்கள் அலுவலகத்துக்கு போன் பண்ணி அந்தக் கைப்பிடியைப் பற்றிச் சொன்னார்கள், அதற்காகத்தான் உங்களை அனுப்பினார்கள் என்பது நேற்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். பெட்டியைத் தின்கிற எங்களைப் பிடிக்க அல்ல, எங்களைக் காப்பாற்ற வந்திருக்கிறீர்கள். முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சாட்சி சேர வேண்டும் என்று காத்திருந்தீர்கள். எனக்குப் புரிகிறது. எல்லா வேலைக்கும் அதனதன் முறை இருக்கிறது.

அந்தப் புது ஆளுக்கு அந்த ஓட்டையைப் பார்த்தால் பொறுக்கவில்லை. "ஏண்ணே, இதைச் சரிபண்ணாம எப்படிண்ணே உள்ள போறீங்க?" என்று என்னைப் பிடுங்கி எடுத்துவிட்டார். கிடங்கையே மூடும் லீவுக்கு முந்தின நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு பையிலிருந்து புதுக் கைப்பிடியை எடுத்து மேசைமேல் வைத்தார். மூடிய பட்டறையை முதலாளியிடம் கேட்டுத் திறந்து, கதவுக்கு அளவெடுத்து, தானே கடைந்து கொண்டுவந்தது. நல்ல வேலை, நான் இல்லை என்று சொல்லவில்லை. கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது.

முதலில் யாரும் கிட்டே வரவில்லை. பிறகு சாவி மாமா எழுந்து வந்து அதைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "ஒவ்வொரு நாளும் கதவைச் சாத்திட்டு ரெண்டு தடவை திரும்பிப் பாத்துட்டுத்தாம்ப்பா போவேன்" என்றார். அதைக் கேட்டதும் ஒவ்வொருவராக வந்தார்கள். பாட்டுக்காரன் அவர் தோளில் கை போட்டு, "கில்லாடிண்ணே நீங்க. உங்களைப் போயி தப்பா நெனச்சோமே" என்றான். யாரோ தன் டப்பாவிலிருந்து ஒரு மீன் துண்டு எடுத்து அவர் தட்டில் வைத்தார்கள். அண்ணே இதைப் பிடிங்க, அண்ணே அதைப் பிடிங்க என்று ஒரே சத்தம். நான் அந்தப் பக்கமாகக் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். முதல் 'அண்ணே' கேட்டதும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

வேவுக்காரர்கள் இப்படித்தான் மனசைக் கவர்வார்கள் என்று எனக்கு அப்போது தோன்றியது. அதனால் என் சந்தேகம் இன்னும் உறுதியானது. வேறு எதுவும் இல்லை.

சாப்பாடு முடிந்ததும் அவர் என்னிடம் தனியாக வந்தார். "அண்ணே, இதுக்கு ரெண்டு பக்கமும் ஆள் வேணும். நான் உள்ள இருந்து கம்பியை நீட்டறேன், நீங்க வெளிய வாஷரைப் போட்டு நட்டை முடுக்கணும். கதவு மூடியிருந்தாத்தான் அளவு சரியா உக்காரும். இன்னைக்கே முடிச்சுடலாமா?" என்றார். வாஷரையும் நட்டையும் என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"அதுக்கென்ன, எல்லாரும் கெளம்பட்டும், பண்ணிடலாம்" என்றேன்.

சாயங்காலம் லீவு உற்சாகத்தில் எல்லோரும் கேட்டுக்கு ஓடினீர்கள். அவர் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். வார் அறுந்த இடத்தைச் செம்புக் கம்பியால் கட்டியிருப்பார், தூரத்திலிருந்தே தெரியும். கோட்டு, பூட்ஸ், ஸ்பானர், கைப்பிடி. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவை இழுத்துக்கொண்டார். நான் காலால் அந்தச் செருப்பைக் கோட்டு மாட்டும் ஸ்டாண்டுக்கு அடியில் தள்ளினேன். கஷ்டமான வேலை ஒன்றும் இல்லை. சாவி மாமா வந்தார், குனிந்தார், தரை வெறுமையாக இருந்தது.

"அந்தத் தம்பி எங்கய்யா? இன்னைக்கிக் கைப்பிடி போடறேன்னாரே?"

"லீவு முடிஞ்சு போட்டுக்கலாம்னு அப்பவே கெளம்பிட்டாரு மாமா."

பூட்டினார். "நீங்க போங்க மாமா, லைட்டை நான் அணைச்சுட்டு வரேன்" என்றேன். அணைத்தேன். உள்ளே இருக்கிற விளக்குக்கும் சுவிட்ச் வெளியேதான்.

கொஞ்ச நேரத்தில் ஓட்டையிலிருந்த துணி நகர்ந்து கீழே விழுந்தது. கம்பியின் முனை எட்டிப் பார்த்தது. மிகச் சரியான அளவு. "அண்ணே, லைட்டு போயிடுச்சு, பரவால்ல. கம்பி தெரியுதா? வாஷரைப் போடுங்க" என்று குரல் வந்தது. கலகலப்பாகத்தான் இருந்தார். வாஷரும் நட்டும் என் கையில் இருந்தன. "அண்ணே?" என்றார். கம்பியை இரண்டு தடவை ஆட்டினார். "அண்ணே, இருக்கீங்கள்ல?" கதவை ஒரு தரம் தள்ளிப் பார்த்தார். பிறகு அந்த ஓட்டைக்கு வாயைக் கிட்டே வைத்து, மெதுவாக, "ஏண்ணே?" என்றார்.

வழக்கமான கேள்விதான். பதில் சொல்லியிருக்கலாம், ஆனால் சுருக்கமாகச் சொல்கிற விஷயம் இல்லை. கம்பியைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளி, துணியை மறுபடி அடைத்தேன். இந்தத் தடவை நன்றாக அழுத்தி அடைத்தேன். செருப்பை எடுத்துப்போய் உடை மாற்றும் அறையில் அலமாரித் தட்டில், ஜோடியாக, முனை சுவரைப் பார்க்கும்படி வைத்தேன். அதைப் பார்த்துத்தான் உங்களுக்குச் சந்தேகம் வந்ததாமே. அவர் ஒரு நாளும் செருப்பைத் தட்டில் வைத்ததில்லை. ஒழுங்கு எனக்கு ரத்தத்தில் ஊறியது, என்ன செய்ய.

சும்மா கொஞ்சம் பயமுறுத்திவிட்டு, மாமாவிடம் சாவி வாங்கி வந்து திறக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கேட்டுக்கு வந்தால் நீங்கள் எல்லோரும் எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறீர்கள். "அண்ணே, வாங்கண்ணே!" என்று ஒரே குரல். எத்தனை நாளாயிற்று அப்படிக் கூப்பிட்டு! பாட்டுக்காரன் பாட ஆரம்பித்தான். பஸ் நிறுத்தம் வரை பாடிக்கொண்டே வந்தான். நீங்கள் என் வலது பக்கம் நடந்தீர்கள், சிரித்துச் சிரித்து உங்களுக்குப் புரை ஏறியது. அந்த நேரத்தில் சாவியைக் கேட்டு அதையெல்லாம் யார் கெடுப்பார்கள்?

இருட்டுவதற்கு முன் அவர் மனைவி போன் பண்ணினாள். "அண்ணே, அவர் இன்னும் வரல. உங்ககூட ஏதோ வேலை இருக்குன்னு காலையில சொன்னாரு" என்றாள். "கெளம்பிட்டாரும்மா, வந்துடுவாரு, கவலைப்படாதே" என்றேன். சாவி மாமா வீடு எனக்கு அடுத்த தெருதான். எழுந்து சட்டையைக்கூட மாட்டினேன். பிறகு, திறந்தால் அவர் எல்லோரிடமும் என்ன சொல்வார் என்று யோசித்தேன். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். "என்ன இன்னைக்கி இவ்வளவு சந்தோஷம்?" என்று வீட்டில் கேட்டாள். லீவு நாளில் வீட்டில் துணி காயப்போடும் கொடிக்கம்பியை எல்லாம் இழுத்துக் கட்டினேன்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். கதவைத் திறந்தபோது நீங்களும் அங்கே இருந்தீர்கள். கதவோரச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கைப்பிடி மடியில், ஸ்பானர் பக்கத்தில். வேலை தெரிந்தவர், சாமானை வீசி எறியவில்லை. போலீஸ் கேட்டபோது, மாமாவுக்கு வயசாயிடுச்சு, கண் மங்கல் என்று சொன்னேன். அது பொய் இல்லை, அவருக்குக் கண் மங்கல்தான்.

ஆக, அவர் வேவுக்காரர் இல்லை. அதை நேற்று கேட்டபோது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. வேவுக்காரர் என்று நினைத்துத்தான் செய்தேன். கைப்பிடி கடைந்து கொண்டுவருகிறவன் எப்படி வேவுக்காரனாவான் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அன்று மதியம் கையைக் கழுவும்போது அது தோன்றியது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாஷரைத் தேடிக்கொண்டிருக்கிறீர்களாம். எங்கும் தேட வேண்டாம், இந்த நாற்காலிக் காலுக்கு அடியில்தான் இருக்கிறது. நான் எழுந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள். நட்டு வீட்டில் கொடிக்கம்பியில் மாட்டியிருக்கிறது. எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன் என்று நம் ஆட்களிடம் சொல்லுங்கள். நான் இங்கே வந்து உட்கார்ந்ததிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, வேலை அதிகமாக இருக்கும். வருவார்கள்.

வெளியே சாவி மாமாவா கதவைச் சாத்துகிறார்? சாத்தட்டும், பரவாயில்லை. ஒன்று மட்டும். இங்கே கம்பளம் விரித்திருக்கிறதே என்று என் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தேன். அதை யாரும் நகர்த்திவிடாமல் சாவி மாமாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் உள்ளே இருப்பது யாருக்காவது தெரிய வேண்டுமே.